லேப்ரடாரின் பூர்வீகம் எது? வாசகர் கேள்வி - பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து நாய் வளர்ப்பு பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லேப்ரடாரைப் பற்றியவை. அதனால் இந்த இதழின் பக்கங்கள் முழுக்க லேபுக்கே. சிலர் அதன் பூர்வீகத்தைக் கேட்டிருக்கிறார்கள், சிலர் அதன் சாப்பாட்டைப் பற்றியும் முடி கொட்டுவதைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். இந்த நாயைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கான விடை தெரியாமல் மற்றவற்றுக்கு விடை சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டுக்குக் கறுப்பு லேப் குட்டி வந்திருக்கிறது. விற்றவர், "கனடாவில் லேப்ரடார் என்று ஒரு பனிப் பிரதேசம் இருக்கிறது, அங்கிருந்து வந்த நாய்" என்றார். என் மைத்துனர் இது சுத்தமான இங்கிலாந்து நாய் என்று அடித்துச் சொல்கிறார். எது சரி?
- தேவனாம்பட்டினம் வாசகர்

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மூதாதை கனடாப் பக்கத்து நாய்தான். ஆனால் லேப்ரடார் நிலப்பகுதியில் பிறந்ததல்ல. அதற்குத் தெற்கே கடலுக்குள் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவில் உருவானது. அந்தத் தீவின் துறைமுகம் செயின்ட் ஜான்ஸ். அதை வைத்து அந்த மூதாதைக்கு 'செயின்ட் ஜான்ஸ் நீர்நாய்' என்று பெயர். (ஆற்றில் வாழும் நீர்நாய் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலில் 'காட்' மீன் கொட்டிக் கிடந்தது. மீன் எண்ணெய் மாத்திரை என்று நாம் விழுங்குகிறோமே, அந்த எண்ணெய் தரும் மீன்தான். 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பாவின் பல நாட்டு மீனவர்கள் கோடைக்கோடை அங்கே போய் வந்தார்கள். அவரவர் கப்பலில் அவரவர் நாய் போனது. அந்த நாய்கள் ஒன்றோடொன்று கலந்து, பல தலைமுறை கழித்து ஒரு வகை நிலைத்தது. எந்த நாட்டு நாய் எவ்வளவு கலந்தது என்பதற்கு எழுத்துப் பதிவு கிடையாது. மீனவர்கள் நாய்க்கு ஜாதகம் எழுதி வைக்கவில்லை. 'போர்ச்சுகல் நாய்தான் மூலம்' என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாயின் வேலை என்னவென்று மட்டும் தெளிவாகத் தெரியும். தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் குதித்துப் பிடித்து வர வேண்டும். கயிற்றின் முனையைக் கவ்விக்கொண்டு படகிலிருந்து கரைக்கு நீந்த வேண்டும். உறைபனிக்குச் சற்றே மேலான தண்ணீரில் நாள் முழுக்க இந்த வேலை. முடி நீளமான நாய்களின் மேல் பனிக்கட்டி திரண்டு தொங்கும், படகில் ஏற்றினால் தண்ணீரையும் கூடவே ஏற்றும். அதனால் குட்டை முடி நாய்களையே மீனவர்கள் விரும்பினார்கள். 1822-இல் தீவைக் குறுக்காக நடந்து கடந்த கார்மேக் என்ற பயணி இந்த விருப்பத்தைப் பதிவு செய்திருக்கிறார். உங்கள் குட்டியின் குட்டையான, அடர்ந்த, எண்ணெய்ப் பசையுள்ள முடியை அந்த மீனவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்றே சொல்லலாம்.

இனி உங்கள் மைத்துனரின் பாதி. நியூஃபவுண்ட்லாந்தின் உப்பு மீன் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வரும்; கப்பலோடு நாய்களும் வந்து இறங்கும். பக்கத்தில் பண்ணை வைத்திருந்த மால்ம்ஸ்பரி பிரபு குடும்பம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை வாங்கி, சதுப்பு நிலத்தில் சுடப்பட்ட வாத்துகளை எடுத்து வரப் பழக்கியது. ஸ்காட்லாந்தில் பக்ளூ கோமகன் குடும்பமும் தனியே இறக்குமதி செய்து வளர்த்தது. இந்த இரண்டு கிளையும் சந்தித்த இடம்தான் திருப்புமுனை. 1880-களில் மால்ம்ஸ்பரி தன் நாய்களில் சிலவற்றை பக்ளூவுக்குக் கொடுத்தார். 1882-இல் பிறந்த 'நெட்', 1885-இல் பிறந்த 'ஏவன்' இரண்டும் அதில் அடக்கம். இன்றைய லேப்களின் வம்சாவளி இந்த இரண்டையும் தொட்டே போகிறது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது 1903-இல்.

உங்கள் குட்டியின் நெஞ்சைப் பாருங்கள். நடுவில் சிறிதாக ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தால் கலப்பு என்று கவலைப்பட வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் நாய்க்கு நெஞ்சும் பாதமும் வெள்ளையாக இருக்கும். அந்த மிச்சம்தான் இது. இன விதிகளும் சிறிய பொட்டை அனுமதிக்கின்றன. பாதத்தின் பின்புறம், அடித்திண்டுக்கு மேலே சில வெள்ளை முடிகள் இருந்தாலும் அப்படியே. அதை 'போலோ குறி' என்பார்கள். 1915-இல் பிறந்த 'பாஞ்சரி போலோ' என்ற புகழ்பெற்ற நாய்க்கு இருந்ததால் வந்த பெயர்.

கேள்வி: பிரெஞ்சுக்காரர்களுக்கும் லேப்ரடாருக்கும் தொடர்பு உண்டா? எங்கள் தெருவில் ஒரு பெரியவர் உண்டு என்கிறார்.
- முத்தியால்பேட்டை வாசகர்

நேரடித் தொடர்புக்குச் சான்று இல்லை. ஆனால் பெரியவர் சொல்வது ஆதாரமற்றதும் அல்ல. நியூஃபவுண்ட்லாந்து கரையில் பிரெஞ்சு மீனவர்களும் இருந்தார்கள். 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கையில் தீவு பிரிட்டனுக்குப் போன பிறகும், கரையின் ஒரு பகுதியில் மீன்பிடி உரிமை 1904 வரை பிரான்சிடமே இருந்தது. பக்கத்திலுள்ள செயின்ட் பியர், மிக்கேலான் தீவுகள் இன்றும் பிரான்சுக்குச் சொந்தம். பிரெஞ்சுக் கப்பல் நாய்களும் அந்தக் கலப்பில் இருந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

கேள்வி: அந்தப் பழைய மூல நாய் இப்போது எங்காவது கிடைக்குமா?
- திருப்பாதிரிப்புலியூர் வாசகி

கிடைக்காது. 1980-களோடு அற்றுப் போய்விட்டது. தீவில் ஆடு வளர்ப்பைப் பெருக்க நினைத்த அரசு நாய்களைக் கட்டுப்படுத்தியது. 1780-இலேயே வீட்டுக்கு ஒரு நாய்தான் என்று உத்தரவு வந்துவிட்டது. 1885-இல் ஆடுகளைக் காக்கும் சட்டம் வந்து, பல பகுதிகளில் நாய் வைத்திருப்பதே சிரமமானது. இங்கிலாந்தும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெறிநோய்க்கு அஞ்சி வெளிநாட்டு நாய்களுக்குக் கடும் தனிமைப்படுத்தல் விதித்தது. இங்கிலாந்தில் வாங்குவோரும் போயினர், தீவில் வளர்ப்போரும் குறைந்தனர். கிராண்ட் புரூயி என்ற ஒதுக்குப்புறக் கிராமத்தில் கடைசியாகப் படமெடுக்கப்பட்ட இரண்டும் கிழட்டு ஆண் நாய்கள். வாரிசு இல்லை.

கேள்வி: எங்கள் பெண் நாய் கறுப்பு. மேட்டிங்குக்குக் கூட்டிப்போன ஆணும் கறுப்பு. எட்டுக் குட்டியில் மூன்று ஃபான் கலர். ஆண் நாயின் சொந்தக்காரர் எங்களையும், நாங்கள் அவரையும் சந்தேகப்பட்டுப் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. என்ன நடந்திருக்கும்?
- நெல்லிக்குப்பம் வாசகர்

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. போய்ப் பேசிவிடுங்கள்.

லேபின் நிறத்தை இரண்டு மரபணுக்கள் முடிவு செய்கின்றன. முதலாவது, சாயம் கறுப்பா சாக்லேட்டா என்பதைத் தீர்மானிக்கிறது. கறுப்பு ஓங்கும், சாக்லேட் ஒடுங்கும். இரண்டாவது, அந்தச் சாயம் முடிக்குள் போகலாமா கூடாதா என்று தீர்மானிக்கிறது. ஒவ்வொன்றிலும் தாய் வழி ஒரு பிரதி, தந்தை வழி ஒரு பிரதி. இரண்டாவது மரபணுவின் இரண்டு பிரதியும் 'தடை' வகையாக இருந்தால்தான் குட்டி ஃபான், அதாவது வெளிர் மஞ்சள். ஒரு பிரதி மட்டும் தடை வகை என்றால் நாய் கறுப்பாகவே இருக்கும், ஆனால் உள்ளே ஃபானைச் சுமக்கும். உங்கள் இரண்டு நாயும் அப்படித்தான். அப்போது ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எட்டில் இரண்டு என்பது சராசரி. மூன்றும் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம்.

சந்தேகப்பட வேண்டிய இடம் இதற்கு நேர்மாறானது. இரண்டு ஃபான் சேர்ந்தால் குட்டி எல்லாமே ஃபான். இரண்டு சாக்லேட் சேர்ந்தால் சாக்லேட் வரும், ஃபான் வரும், கறுப்பு வரவே வராது. அப்படிக் கறுப்பு வந்தால் இடையில் வேறு ஆண் நாய் புகுந்திருக்கிறது. ஒரே ஈற்றில் இரண்டு தந்தைகளின் குட்டிகள் இருப்பதும் நாய்களில் நடக்கும். ஆகவே மேட்டிங் முடிந்து வந்த பிறகும், உதிரம் நின்ற பிறகும்கூட, ஒரு வாரத்துக்காவது பெண் நாயைத் தெருவில் விடக்கூடாது.

பழங்காலத்திலும் இந்த நிறங்கள் பிறந்தன. கறுப்புதான் அசல் என்ற எண்ணத்தால் மற்றவற்றை ஒதுக்கினார்கள். 1892-இல் பக்ளூ பண்ணையில் இரண்டு சாக்லேட் குட்டிகள் பிறந்த பதிவு இருக்கிறது. ஃபானில் முதலில் பதிவானது 1899-இல் பிறந்த 'பென் ஆஃப் ஹைட்'. தாய் தந்தை இரண்டும் கறுப்பு, உங்கள் கதைதான்.

'சில்வர் லேப்' என்று கூடுதல் விலை சொன்னால் விலகிவிடுங்கள். அது சாக்லேட் சாயத்தை வெளிறச் செய்யும் வேறொரு மரபணு. நிறம் வெளிறிய நாய்களுக்கு ஒன்றிரண்டு வயதில் முதுகில் முடி கொட்டித் தோல் நோவதும் உண்டு. இன விதிகளில் அந்த நிறத்துக்கு இடம் இல்லை.

கேள்வி: 'டபுள் போன், பஞ்ச் ஃபேஸ்' குட்டிக்கு 25,000 ரூபாய் கேட்கிறார். 'சிங்கிள் போன்' என்றால் 9,000 என்கிறார். இரண்டும் வெவ்வேறு லேப் வகையா? சர்ட்டிபிகேட்டும் தருவதாகச் சொல்கிறார்.
- பண்ருட்டி வாசகர்

லேபில் அப்படி வகை எதுவும் கிடையாது. இவை சந்தைப் பேச்சு. உண்மையில் இருப்பது இரண்டு போக்கு: கண்காட்சிக்காக வளர்க்கப்பட்ட வழியில் தலை அகலம், உடல் கட்டை; வேட்டைக் களத்துக்காக வளர்க்கப்பட்ட வழியில் உடல் மெலிவு, சுறுசுறுப்பு அதிகம். இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்றே. 45 நாள் குட்டியின் கால் பருமனைப் பார்த்து எலும்பின் தரத்தைச் சொல்ல முடியாது. நன்றாகத் தின்ற குட்டிக்கும், வயிற்றில் புழு சேர்ந்து ஊதிய குட்டிக்கும் வயிறும் முகமும் உருண்டையாகத்தான் தெரியும். ஆண் லேபின் உயரம் தோளில் 56 - 57 செ.மீ., பெண் 55 - 56 செ.மீ. இதுதான் இங்கிலாந்து கென்னல் கிளப்பின் அளவு. அதற்கு மேல் யானைக்குட்டி போல வளர்வது பெருமை அல்ல, மூட்டுக்குப் பாரம்.

45 நாள் என்றோமே, அதுவே தவறு. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள்.

சர்ட்டிபிகேட் விஷயத்தில் 'அப்புறம் தபாலில் வரும்' என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது, விசாரிப்பது கஷ்டமில்லை. பதிவான நாய்க்குத் தோளுக்கு நடுவில் மைக்ரோசிப் இருக்கும், 15 இலக்க எண். கால்நடை மருத்துவரிடம் ஸ்கேனர் இருந்தால் தாய் நாயை அங்கே கொண்டு வரச் சொல்லி, எண்ணும் தாளும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்க வேண்டாம். தாய் உங்களைக் கண்டதும் ஒடுங்குகிறதா, உறுமுகிறதா, வாலாட்டி வருகிறதா என்பதையும் அங்கேயே கவனித்துவிடலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் சர்ட்டிபிகேட் சொல்வது வம்சத்தை மட்டுமே, ஆரோக்கியத்தை அல்ல. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டியவை: தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே (ஒரு வயதுக்கு மேல் எடுத்தது), கண் விழித்திரை தேய்வு நோய்க்கும், கடும் ஓட்டத்தில் பின்னங்கால் தளர்ந்து விழும் நோய்க்கும் டி.என்.ஏ. சோதனை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். இரண்டு நோயும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் தாக்கும். ஆகவே இருவரில் ஒருவர் முற்றிலும் சுத்தம் என்றாலே குட்டி தப்பிக்கும். இந்த மூன்று தாளும் இருந்தால் 25,000 கொடுக்கலாம். பஞ்ச் ஃபேஸுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் லேபுக்கு 4 வயது, கருத்தடை செய்த ஆண், 41 கிலோ. இரண்டு வேளை சோறும் கறியும் போடுகிறோம். அப்படியும் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிறது. மாமியார் பாவம் பார்த்து மேரி பிஸ்கட்டும் நெய் சாதமும் கொடுக்கிறார். பசி அடங்காத நோய் ஏதாவது இருக்குமா?
- லாஸ்பேட்டை வாசகி

நோய் என்று சொல்ல முடியாது, பிறவிக்கூறு என்று சொல்லலாம். 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேப்களில் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவின் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 'வயிறு நிரம்பியது, போதும்' என்ற செய்தி மூளைக்குப் போகும் வழியில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. பிரிட்டன் லேப்களில் சுமார் நான்கில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது. ஒவ்வொரு பிரதிக்கும் சராசரியாக 2 கிலோ எடை கூடுகிறது. வேறு பல இனங்களில் தேடியும், ஃபிளாட் கோட்டட் ரிட்ரீவர் என்ற இனம் ஒன்றில்தான் கிடைத்தது (சுட்ட பறவையை எடுத்து வரும் நாய்களுக்கு ரிட்ரீவர் என்று பெயர்). அதற்கும் மூதாதை செயின்ட் ஜான்ஸ் நாய்தான். எனவே இந்தக் குறை நியூஃபவுண்ட்லாந்திலிருந்தே வந்திருக்கலாம் என்பது நியாயமான கருத்து. 2024-இல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது: இந்தக் குறை உள்ள நாய்கள் ஓய்வாக இருக்கும்போது சுமார் 25 சதவீதம் குறைவாகவே ஆற்றலைச் செலவழிக்கின்றன. பசி சீக்கிரம் வருகிறது, எரிவதோ குறைவு. உறைகடலில் நீந்தி, மீனவர் போட்டதைத் தின்று பிழைத்த நாய்க்கு அது வரம். லாஸ்பேட்டை மாடி வீட்டில் அதுவே ஆபத்து.

ஆகவே அதன் கண்ணைப் பார்த்துச் சாப்பாடு போடாதீர்கள், தராசைப் பார்த்துப் போடுங்கள். முதலில் விலாவைத் தடவுங்கள். உள்ளங்கையைக் கீழே வைத்து விரல் கணுக்களை இன்னொரு கையால் தடவினால் எப்படி மேடு பள்ளம் தெரிகிறதோ, அப்படி அழுத்தாமலே விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும். 41 கிலோவில் இரண்டும் இருக்காது. சராசரி உடற்கட்டுள்ள ஆண் லேப் 29 - 36 கிலோ. உங்கள் நாய்க்கு 32 கிலோவை இலக்காக வைப்போம்.

32 கிலோ நாய் படுத்திருக்கவே நாளுக்குச் சுமார் 940 கலோரி வேண்டும். எடை குறையும் வரை அதுதான் முழு நாள் அளவு. கடை உணவு என்றால் பையின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று இருக்கும். 360 என்றால் நாளுக்கு 260 கிராம். கப்பில் அளக்காதீர்கள், ஒரே கப்பில் ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு அளவு விழும். சமையலறைத் தராசில் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். பயிற்சிக்குக் கொடுப்பதும் அந்த டப்பாவிலிருந்துதான்.

வீட்டுச் சாப்பாடு என்றால் நாளுக்கு: எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 250 கிராம், சோறு 200 கிராம் (வெந்த எடை), சுரைக்காய், பூசணி, பீன்ஸ் சேர்ந்து 250 கிராம், அவித்த முட்டை 2, எண்ணெய் ஒரு டீஸ்பூன். இதை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். காய் அதிகமாக இருப்பது வயிறு நிறைய. பசிக்கும் லேபுக்கு அது பெரிய உதவி. ஆனால் இந்தச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்தும் சில தாதுக்களும் போதாது. மருத்துவரிடம் கேட்டு நாய்களுக்கான தாது உப்புக் கலவை சேர்த்தே ஆக வேண்டும்.

மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மேரி பிஸ்கட் ஒன்று சுமார் 25 கலோரி, பத்து கொடுத்தால் 250. ஒரு மேசைக்கரண்டி நெய் 120. இரண்டும் சேர்ந்தால் நாள் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவர் கையால் கொடுக்கும் சந்தோஷத்தைப் பறிக்க வேண்டாம். பிஸ்கட் டப்பாவில் வெள்ளரிக்காய்த் துண்டும் பச்சைக் கேரட்டும் போட்டு வையுங்கள். லேபுக்கு வாயில் விழுவதுதான் முக்கியம். பாயசத் திராட்சை, வெங்காயம், சாக்லேட் மூன்றும் வேண்டவே வேண்டாம், நஞ்சு. கருவாடும் கூடாது, உப்பு அதிகம்.

வாரம் ஒரு தடவை, ஒரே கிழமையில் எடை பாருங்கள். வாரத்துக்கு 400 கிராம் குறைந்தால் சரியான வேகம்; 32-க்கு வர ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். இப்படிக் கண்டிப்பாக இருந்தும் நான்கு வாரத்தில் முள் அசையவில்லை என்றால் தைராய்டு சோதனை செய்யச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்த நாய் சோம்பிக் கிடக்கும், வால் முடி உதிரும்.

இவ்வளவு கறாராக ஏன் சொல்கிறோம் என்றால், 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லேப்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை கவனித்தார்கள். ஒரு பாதிக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான உணவு. மெலிந்திருந்த நாய்கள் சராசரியாக 13 வயது வரை இருந்தன, மற்றவை 11.2 வயது. மூட்டு வலியும் மெலிந்தவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. பிஸ்கட்டைக் குறைத்தால் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு வருட ஆயுள்.

கேள்வி: கத்திரி வெயிலுக்கு முன் லேபின் முடியை மொட்டையாக வெட்டிவிடலாமா? பனி நாட்டு முடிதானே?
- அரியாங்குப்பம் வாசகர்

வெட்டாதீர்கள். மேல்முடி வெயில் தோலில் படாமல் தடுக்கிறது, உள்முடி காற்றைப் பிடித்து வைக்கிறது. மொட்டையடித்தால் தோல் நேராக வெந்துபோகும். திரும்ப வளரும்போது உள்முடி முந்திக்கொண்டு பஞ்சு போல அடைத்து, திட்டுத் திட்டாக நிற்கும். அதற்குப் பதில், பிப்ரவரி - மார்ச்சில் உள்முடி கொட்டும்போது அதை முழுதாக எடுத்துவிடுங்கள். உள்முடி எடுக்கும் பல்சீப்பால் வாரத்துக்கு மூன்று நாள், தொடையின் பின்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலின் வேரில் வாருங்கள். செத்த முடி போனால் காற்று தோலைத் தொடும்.

நம் கரையோரத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய எதிரி. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது நாக்கின் ஈரத்தை ஆவியாக்கிக் குளிர்வதற்கு. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாது. அதனால் 34 டிகிரிதானே என்று மாலை நான்கு மணிக்கு நடக்கக் கூட்டிப்போகக்கூடாது. காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

இரைப்பு சத்தமாகி, எச்சில் கயிறு போல ஒழுகி, நாக்கு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கம். முதலில் குளிர வையுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். நிழலில் படுக்க வைத்து, குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, கழுத்து எல்லாம் நனைய ஊற்றிக்கொண்டே மின்விசிறியை வேகமாக வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிடுவது பலரும் செய்யும் தவறு. அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மலக்குடல் வெப்பமானி இருந்தால் 39.5 டிகிரி வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும், சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் அடுத்த நாள் கெடலாம்.

கேள்வி: கடல் நாய் வம்சம் என்றால் எங்கள் லேபை சில்வர் பீச்சில் கடலில் இறக்கலாமா? உப்பங்கழியில் விடலாமா?
- கடலூர் முதுநகர் வாசகர்

விரல்களை விரித்துப் பாருங்கள், இடையில் தோல் படலம் இருக்கும். அடியில் தடித்து நுனியில் ஒடுங்கும் வால் சுக்கான். நீந்தத் தேவையான எல்லாம் அதனிடம் இருக்கிறது. ஆனால் இழுவை நீரோட்டம் தெரியாது. வங்கக் கடல் அலையில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். 10 மீட்டர் கயிறும், முதுகில் கைப்பிடி உள்ள மிதவைச் சட்டையும் கட்டாயம். கயிறு கழுத்துப் பட்டையில் அல்ல, சட்டையில். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலே வேண்டாம்.

இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் கொண்டுபோய் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். பந்து எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீர் வாய்க்குள் போகிறது. கொஞ்சம் போனால் பேதியும் வாந்தியும். நிறையப் போனால் தள்ளாட்டம், வலிப்பு. இருபது நிமிடம் போதும்.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி, பட்டையைக் கழற்றிவிட்டுத் துவட்டுங்கள். லேபின் உள்முடி நம் புழுக்கத்தில் சீக்கிரம் காயாது. பட்டைக்கு அடியிலும் காதுக்குக் கீழும் ஈரம் நின்றால், ஒரே ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து கசியும். தொங்கும் காதுக்குள்ளும் அப்படியே. காது மடலைத் திருப்பிப் பஞ்சால் எட்டும் வரை மட்டும் ஒற்றுங்கள், பட்ஸ் விடாதீர்கள். தலையை உதறுவதும், பழுப்பு அழுக்கும், புளித்த வாடையும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீந்திய மறுநாள் வால் அடிப்பகுதியில் மூன்று விரற்கடை மட்டும் நீட்டிக்கொண்டு, மீதி சொத்தென்று தொங்கினால் எலும்பு முறிவு என்று பதற வேண்டாம். வால் தசைப் பிடிப்பு அது, லேபுக்கு வழக்கமானது. ஓய்வில் சில நாளில் சரியாகும். வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

உப்பங்கழி, மழைக்குப் பின் தேங்கிய குட்டை இரண்டிலும் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. ஆண்டுத் தடுப்பூசியில் லெப்டோ (எலிக்காய்ச்சலுக்கான ஊசி) சேர்ந்திருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். முதல் தடவை இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று; செப்டம்பரில் போட்டுக்கொண்டால் மழைக்கு முன் காப்பு வந்துவிடும். கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்தால் உடனே ஓடுங்கள். கையுறை இல்லாமல் அந்தச் சிறுநீரைத் துடைக்காதீர்கள், மனிதருக்கும் தொற்றும்.

கேள்வி: 4 மாதக் குட்டி. கால் பலப்பட கால்சியம் சிரப் கொடுக்கிறோம். வீடு முழுக்க வழவழ டைல்ஸ். பின்னங்கால் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. இன்னும் கால்சியம் கூட்டலாமா?
- வில்லியனூர் வாசகி

சிரப்பை நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான கடை உணவு கொடுப்பவராக இருந்தால் அதில் கால்சியம் அளந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. குட்டியின் குடலுக்கு அதிகப்படியை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது; எல்லாம் உள்ளே போய் எலும்பு வளர்ச்சியைக் குலைக்கும். கால் வளைவது கால்சியம் போதாமல் மட்டுமல்ல, அதிகமாகியும்தான். வெறும் சோறும் கறியும் மட்டும் கொடுப்பவர் என்றால் கால்சியம் தேவை, ஆனால் அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும்.

வழுக்கலுக்கு மருந்து தரையில் இருக்கிறது. சாப்பிடும் இடம், தூங்கும் இடம், இரண்டுக்கும் நடுவழி மூன்றிலும் ரப்பர் அடிப்பாகமுள்ள மிதியடி போடுங்கள். பாதத்துக்கு அடியில் வளரும் முடியைத் திண்டுக்குச் சமமாக வெட்டுங்கள். மாடிப்படியில் ஓடவிடாதீர்கள், தூக்கிப் போங்கள். ஆறு மாதமாகியும் முயல் போல இரண்டு பின்னங்காலையும் சேர்த்துக் குதித்து ஓடினால், எழும்போது முன்னங்காலால் இழுத்து எழுந்தால், இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கேள்வி: ஜெர்மன் ஷெப்பர்டு ஓநாயிலிருந்தும் லேப் வேறு விலங்கிலிருந்தும் வந்ததாக வகுப்பில் பேசிக்கொண்டோம். உண்மையா?
- பள்ளி மாணவி, நெய்வேலி

இல்லையம்மா. எல்லா நாய்க்கும் மூதாதை சாம்பல் ஓநாய் வகைதான், அதுவும் இன்று அற்றுப்போன ஒரு கிளை. ஜெர்மனியில் பான்-ஓபர்காசல் என்ற இடத்தில் மனிதர்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட நாய் கிடைத்திருக்கிறது, வயது 14,000 ஆண்டுக்கு மேல். ஜெர்மன் ஷெப்பர்டு என்ற இனம் உருவானது 1899-இல், ஆடு மேய்க்கும் நாய்களிலிருந்து. காது நிமிர்ந்திருப்பதால் ஓநாய்க்கு நெருக்கம் என்று ஆகாது. டி.என்.ஏ. கணக்கில் லேபைவிட அது ஓநாய்க்கு நெருங்கியதல்ல.

கேள்வி: கோல்டன் ரிட்ரீவர் என்பது முடி நீண்ட லேப்தானா?
- ரெட்டியார்பாளையம் வாசகர்

உறவு உண்டு, ஆனால் இனம் வேறு. ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு 1868-இல் 'நூஸ்' என்ற மஞ்சள் ரிட்ரீவரை 'பெல்' என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியலோடு சேர்த்தார். பிறந்த மஞ்சள் குட்டிகள்தான் கோல்டனின் தொடக்கம். அந்தக் கால ரிட்ரீவர்களின் ரத்தத்தில் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கத்து நாய் கலந்திருந்தது, அந்த வழியில் இரண்டும் பங்காளிகள். வளர்ப்பில் பெரிய வேறுபாடு முடிதான். காதுக்குப் பின்னால், அக்குளில், தொடைச் சிறகில் கோல்டனுக்கு முடி சிக்குப் போடும், தினமும் சீப்பு வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் முதல் நாய் வாங்குகிறவர் இரண்டில் ஒன்று என்றால் லேபையே எடுங்கள்.